தலைப்பெழுத்துக்குள் ஓர் ஊர்

வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, வங்கிக் கணக்குத் தொடங்க, கடவுச்சீட்டு வாங்க என்று எந்தப் படிவத்தைக் கையில் எடுத்தாலும் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் காத்திருக்கும். பக்கத்து வீட்டு தேஷ்பாண்டேயும் எதிர்வீட்டு முகர்ஜியும் கண்ணை மூடிக்கொண்டு அதை நிரப்பிவிடுவார்கள். நம்மவர் மட்டும் பேனாவைப் பிடித்தபடி யோசிப்பார். சிலர் அப்பா பெயரை எழுதுவார்கள். சிலர் கணவர் பெயரை. சிலர் ஊர்ப் பெயரை. சிலர் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். விளைவு, ஒரே வீட்டில் நான்கு பேருக்கு நான்கு 'குடும்பப் பெயர்'.

"நமக்கு மட்டும் ஏன் சர்நேம் இல்லை?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நம் சங்கத்துப் பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் இந்தக் கேள்வி என் காதில் விழாத ஆண்டு கிடையாது. "நமக்கு அந்த வழக்கம் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அது சரியான விடை அன்று. நமக்கும் உண்டு. அது பெயருக்குப் பின்னால் நிற்காமல் முன்னால், ஓர் எழுத்தாகச் சுருண்டு கிடக்கிறது. அதை விரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வீடு குறைந்து வருகிறார்கள் என்பதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும்.

நான் மொழி ஆராய்ச்சியாளன் அல்லன். டிப்ளமா முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, இந்த நாக்பூர் வட்டாரத்திலேயே பெரும்பகுதி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெயர்களைப் பற்றி எனக்கு வந்த ஆர்வம் புத்தகத்திலிருந்து வந்ததன்று. மஸ்டர் ரோலிலிருந்து வந்தது.

பெயர் பிறக்கும் விதம்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பொறுப்பில் இருந்த ஒரு கேங்கில் கண்பத் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். கீமேன் எவரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் மூவரும் திரும்புவார்கள். ஒரு மாதத்துக்குள் இந்தக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிட்டது. ஒருவர் 'வர்தாவாலா கண்பத்' ஆனார். அவர் ஊர் வர்தா. இன்னொருவர் 'லோஹார் கண்பத்'. அவர் அப்பா கொல்லர். மூன்றாமவர் 'லம்பா கண்பத்', ஆள் நெட்டை. யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர்கள் அல்ல. தேவை வந்தது, பெயர் வந்தது.

உலகத்தில் உள்ள குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவைதான். எந்த ஊர், யார் பிள்ளை, என்ன தொழில், ஆள் எப்படி என்ற நான்கு கேள்விகளுக்கான விடைகள் அவை. ஆங்கிலேயரில் ஸ்மித் என்றால் கொல்லர். ஜான்சன் என்றால் ஜானின் மகன். லாங் என்றால் நெட்டை. என் கேங்கில் ஒரு மாதத்தில் நடந்ததுதான் இங்கிலாந்தில் சில நூற்றாண்டுகளாக நடந்தது. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. 'நெட்டை' என்று பெயர் பெற்றவரின் குட்டையான பேரனுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டபோது அது பட்டப் பெயர் என்ற நிலை மாறிக் குடும்பப் பெயராகிவிட்டது.

அக்கம்பக்கத்துப் பெயர்கள்

இனி நாம் அன்றாடம் பழகும் பெயர்களைப் பார்ப்போம். மராட்டியரிடையே 'கர்' என்று முடிபவை பெரும்பாலும் ஊர்ப் பெயர்கள். நாக்பூர்கர், அகோல்கர், சோலாபூர்கர் என்பவற்றுக்கு விளக்கமே தேவையில்லை. நாம் 'மதுரைக்காரர்' என்று சொல்வது போலத்தான். கோவாவில் மங்கேஷி என்று ஒரு கோயில் ஊர் இருக்கிறது. பாடகரும் நாடக நடிகருமான தீனாநாத் அந்த ஊரின் பெயரைத் தம் குடும்பப் பெயராக ஏற்றுக்கொண்டார். அவர் மகள்தான் லதா மங்கேஷ்கர். டாக்டர் அம்பேத்கரின் முன்னோர் பெயர் சக்பால். ரத்னகிரி மாவட்டத்து அம்படவே அவர்களுடைய பூர்வீக ஊர். அந்த ஊரை வைத்துத் தந்தை பள்ளியில் பதிந்த 'அம்படவேகர்' என்ற பெயரே பின்னர் அம்பேத்கர் ஆயிற்று.

அடுத்தவை பதவிப் பெயர்கள். பாட்டீல் என்றால் ஊர்த் தலைவர். குல்கர்ணி என்றால் ஊர்க் கணக்கு எழுதுபவர். நம் ஊர்க் கர்ணம் பார்த்த அதே வேலை. பல ஊர்கள் சேர்ந்த பர்கணாவுக்குத் தலைவர் தேஷ்முக். அதற்குக் கணக்கர் தேஷ்பாண்டே. பாரசீக மொழியில் 'நவீஸ்' என்றால் எழுதுபவர். கடிதம் எழுதுபவர் சிட்டி நவீஸ், அதாவது சிட்னிஸ். வரவு செலவுப் பட்டியல் எழுதுபவர் ஃபட்னவிஸ். பேஷ்வாக்கள் காலத்தில் புகழ்பெற்ற நானா ஃபட்னவிஸின் உண்மைப் பெயர் பாலாஜி ஜனார்தன் பானு. பதவிப் பெயர் அவருடைய சொந்தப் பெயரை விழுங்கிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய பம்பாய் மாகாணத்தில் குல்கர்ணிகளின் பரம்பரை உரிமை 1950-ம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-ல் ஒழிந்தன. இரண்டு இடத்திலும் வேலை போயிற்று. மராட்டியத்தில் பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்று குல்கர்ணி என்ற பெயருடைய மென்பொருள் பொறியாளர் ஊர்க் கணக்கைக் கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டார்.

குஜராத்தியரிடையேயும் இதே கதைதான். பட்டேல் ஊர்த் தலைவர், மேத்தா கணக்கர். பார்சிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 19-ம் நூற்றாண்டுப் பம்பாயில் அவர்கள் செய்த தொழில்கள் அப்படியே பெயர்களாயின. பாட்லிவாலா என்றால் பாட்டில் வியாபாரி. இன்ஜினியர், கான்ட்ராக்டர், டாக்டர், மெர்ச்சன்ட் எல்லாம் குடும்பப் பெயர்கள். ஃபரூக் இன்ஜினியர் விக்கெட் கீப்பர்; நாரி கான்ட்ராக்டர் இந்திய அணியின் தலைவராக இருந்தவர். பம்பாயின் பெரிய கொடையாளர் காவஸ்ஜி ஜஹாங்கீரின் குடும்பப் பெயர் 'ரெடிமணி'. கையில் ரொக்கம் வைத்திருந்து கேட்டபோது கொடுத்த குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

வங்காளிகளின் முகர்ஜி, பானர்ஜி, சட்டர்ஜி ஆகியவை முகோபாத்யாய, பந்த்யோபாத்யாய, சட்டோபாத்யாய என்பவற்றின் சுருக்கங்கள். மூன்றிலும் ஒளிந்திருப்பது 'உபாத்யாய', அதாவது ஆசிரியர். மஜும்தார் என்றால் பதிவேடுகளைக் காப்பவர். தாகூர் குடும்பத்தின் பழைய பெயர் குஷாரி. அவர்களுடைய முன்னோர் பிற்காலத்துக் கல்கத்தாவின் ஒரு பகுதியான கோவிந்தபூரில் குடியேறியபோது, அங்கிருந்தவர்கள் மரியாதையாக 'டாக்குர்' என்று அழைத்தார்கள். ஆங்கிலேயர் நாவில் அது தாகூர் ஆயிற்று. பிறர் கூப்பிட்ட பெயரே குடும்பத்தின் பெயராக நிலைத்ததற்கு இது நல்ல சான்று.

பஞ்சாபில் 1699-ம் ஆண்டு வைசாகித் திருநாளில் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவினார். ஆண்களுக்கு 'சிங்', பெண்களுக்கு 'கௌர்' என்ற வழக்கம் அதை ஒட்டி வந்தது. பெயரைக் கேட்டால் குலம் தெரியக் கூடாது என்பதே அதன் கருத்து. ஆனால் எல்லோரும் சிங் ஆகிவிட்டால் மறுபடி 'கண்பத்' பிரச்சினை வருமல்லவா? அதனால் பலர் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். பிரதாப் சிங் கைரோனின் ஊர் கைரோன். பிரகாஷ் சிங் பாதலின் ஊர் பாதல்.

அரசாங்கம் கேட்டதால் வந்த பெயர்

சில நாடுகளில் குடும்பப் பெயர் மெல்ல வளரவில்லை, உத்தரவால் வந்தது. பிலிப்பைன்ஸில் 1849-ல் ஸ்பானிய ஆளுநர் ஒரு பெயர்ப் பட்டியலையே அச்சிட்டு அனுப்பிக் குடும்பங்களுக்குப் பெயர் வழங்கச் செய்தார். ஜப்பானில் 1875-ல் பொதுமக்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயர் கட்டாயமாயிற்று. துருக்கியில் 1934-ம் ஆண்டுச் சட்டம் அதையே செய்தது. முஸ்தபா கெமால் 'அத்தாதுர்க்' ஆனது அப்போதுதான். வரி வாங்க, படைக்கு ஆள் எடுக்க, நிலத்தைப் பதிவு செய்ய அரசாங்கத்துக்கு நிலையான பெயர் வேண்டியிருந்தது.

ஆக, குடும்பப் பெயர் இருப்பதுதான் நாகரிகத்தின் அடையாளம் என்று எண்ண வேண்டியதில்லை. ஐஸ்லாந்து மக்களில் பெரும்பாலோருக்கு இன்றும் பரம்பரைக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரோடு மகனுக்கு 'சொன்', மகளுக்கு 'டோட்டிர்' என்று சேர்த்துக்கொள்கிறார்கள். தாயின் பெயரைச் சேர்ப்பவர்களும் உண்டு. தலைமுறைதோறும் பெயர் மாறுகிறது. நம் முறைக்கு மிக நெருங்கிய உறவு அது.

தெற்கே பெயர் முன்னால் நிற்கும்

இன்னும் தெற்கே வந்தால் ஒரு மாற்றம் தெரிகிறது. குடும்பத்தைக் குறிக்கும் சொல் பெயருக்கு முன்னால் வந்துவிடுகிறது. தெலுங்கர்கள் அதை 'இண்டிபேரு', வீட்டுப் பெயர் என்கிறார்கள். பி.வி. நரசிம்ம ராவில் 'பி' என்பது பாமுலபர்த்தி. வி.வி. கிரியில் முதல் 'வி' வராஹகிரி. மலையாளிகளிடம் தறவாட்டுப் பெயர் முன்னால் நிற்கும். இ.எம்.எஸ். என்பதில் இளங்குளம் மனைக்கல் என்ற வீட்டுப் பெயரே முதல் இரண்டு எழுத்து. கன்னடத்தில் எச்.டி. தேவ கௌடாவின் 'எச்' ஹரதனஹள்ளி என்ற ஊர். 'டி' தந்தையின் பெயரான தொட்டே கௌடா.

என் போன்ற பொறியாளர்கள் கும்பிடும் சர் எம். விஸ்வேஸ்வரய்யாவின் 'எம்' மோக்ஷகுண்டம். அது இன்றைய ஆந்திரத்தில் உள்ள ஊர். அவர் பிறந்ததோ மைசூர் இராஜ்யத்து முத்தேனஹள்ளியில், 1861-ல். முன்னோர் விட்டு வந்த ஊர் ஓர் எழுத்தாக அவரோடு அணை கட்டும் இடமெல்லாம் சென்றது. குடிபெயர்ந்த குடும்பத்துக்கு ஓர் எழுத்து என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சங்க காலத்திலேயே

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சங்கப் புலவர்களின் பெயர்களை வரிசையாகப் படித்தால் ஒரு மஸ்டர் ரோலைப் படிப்பது போலவே இருக்கும். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதைப் பிரித்துப் பாருங்கள். மதுரை, ஊர். கணக்காயனார், தந்தை. நக்கீரனார், அவர் பெயர். இன்றைய வழக்கில் எழுதினால் 'ம.க. நக்கீரன்'. கணக்காயர் என்றால் ஆசிரியர். முகர்ஜி வீட்டு உபாத்யாயரும் நம் நக்கீரர் வீட்டுக் கணக்காயரும் ஒரே தொழில்காரர்கள்!

தொழில் பெயர்களுக்கும் குறைவில்லை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வியாபாரி. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானிய வியாபாரி. உறையூர் மருத்துவன் தாமோதரனார் வைத்தியர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் தங்க வேலை செய்தவர். கணியன் பூங்குன்றனாரில் கணியன் தொழில், பூங்குன்றம் ஊர்.

ஏட்டில் மட்டும் அன்று, கல்லிலும் இருக்கிறது. மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகையில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டுகளில் உப்பு வணிகன், கொழு வணிகன், பொற்கொல்லன் என்று கொடையாளிகள் தொழிலோடு குறிக்கப்படுகிறார்கள். கரூர் மாவட்டத்துப் புகளூரில், சேர மன்னர் ஒருவர் தம்மைத் தந்தை பெயராலும் பாட்டன் பெயராலும் சேர்த்து மூன்று தலைமுறையாகப் பொறித்திருக்கிறார். அந்தக் கொடையைப் பெற்ற சமண முனிவரின் பெயருக்கு முன்னும் அவர் ஊரின் பெயர் நிற்கிறது.

இதற்கு இலக்கணமும் இருக்கிறது. தந்தை பெயரும் மகன் பெயரும் சேரும்போது சொல் எப்படி மாறும் என்பதற்குத் தொல்காப்பியத்தில் விதி உண்டு. சாத்தன் மகனான கொற்றன் 'சாத்தங்கொற்றன்' ஆவான் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தருவார்கள். அது அக்காலத்து இனிஷியல். முதலெழுத்தாகச் சுருக்காமல் முழுவதும் எழுதினார்கள், அவ்வளவுதான்.

பரம்பரைக் குடிப் பெயரும் நமக்கு இல்லாமல் இல்லை. பெரியபுராணம் பாடியவரின் இயற்பெயர் அருண்மொழித்தேவர். குன்றத்தூர் அவர் ஊர். 'சேக்கிழார்' என்பது அவர் பிறந்த குடியின் பெயர். ஷேக்ஸ்பியரைக் குடும்பப் பெயரால் மட்டும் அழைப்பது போல, அவரையும் 900 ஆண்டுகளாகக் குடும்பப் பெயரால்தான் அழைத்து வருகிறோம்.

எழுத்தாகச் சுருங்கியது

ஆங்கிலேயர் காலத்துப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இந்த நீண்ட பெயர்கள் எழுத்துகளாகச் சுருங்கின. ஆனால் அடுக்கு மாறவில்லை. சி.என். அண்ணாதுரை என்றால் காஞ்சிபுரம் நடராஜன் அண்ணாதுரை; காஞ்சிபுரத்தை அன்று ஆங்கிலத்தில் 'கான்ஜீவரம்' என்று எழுதியதால் 'சி'. கே. காமராஜில் 'கே' தந்தை குமாரசாமி. ஆர்.கே. லக்ஷ்மணின் 'ஆர்' ராசிபுரம், 'கே' கிருஷ்ணசாமி; அண்ணன் ஆர்.கே. நாராயணுக்கும் அதுவே. அண்ணன் பிறந்தது சென்னையில், தம்பி பிறந்தது மைசூரில். எழுத்து நினைவூட்டுவது ராசிபுரத்தை. ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் பெயரில் அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என்று முன்னோர் வரிசையே இருக்கிறது. புகளூர்க் கல்வெட்டின் அதே முறை.

தாயின் பெயருக்கும் இடம் இருந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி என்றால் மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி. சண்முகவடிவு அவர் அன்னை, வீணைக் கலைஞர். திருமணத்துக்குப் பின்னும் அந்த இரண்டு எழுத்துகள் மாறவில்லை.

ரயில்வேயில் ஒவ்வொரு வேகனுக்கும் 11 இலக்க எண் உண்டு. அது வெறும் எண் அன்று. முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம். அடுத்த இரண்டு கட்டிய ஆண்டு. பிறகு அதன் தனி எண். கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். இந்தியாவின் எந்த மூலையில் நின்றாலும் அது எங்கிருந்து வந்தது என்று எண்ணைப் படித்தே சொல்லிவிடலாம். நம் தலைப்பெழுத்தும் அப்படி ஒரு குறியீடுதான். குறியீட்டின் பொருளை எழுதி வைத்த அட்டவணை தொலைந்துவிட்டால் மட்டுமே அது வெறும் எழுத்து.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நம் பெயரை விளக்க ஓர் எளிய வழி சொல்கிறேன். லதா தீனாநாத் மங்கேஷ்கர் என்ற பெயரைப் பின்னாலிருந்து படியுங்கள். மங்கேஷி, ஊர், தீனாநாத், தந்தை, லதா, தம் பெயர். தமிழ் முறையில் 'எம்.டி. லதா'. அது போலவே அண்ணாவின் பெயரை மராட்டிய முறையில் எழுதினால் 'அண்ணாதுரை நடராஜன் காஞ்சிபுரகர்'. சரக்கு ஒன்றே; வண்டி மட்டும் திரும்பி நிற்கிறது.

பேரன் என்ற சொல்

நம் முறையில் குடும்பப் பெயர் மகனுக்குப் போகாமல் பேரனுக்குத் தாவும் வழக்கமும் உண்டு. 'பெயரன்' என்ற சொல்தான் பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். சர் சி.வி. ராமனின் 'சி' அவர் தந்தை சந்திரசேகர ஐயர். விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். அவருடைய மூத்த மகனுக்கு 1910-ல் லாகூரில் பிறந்த பிள்ளைக்குப் பாட்டன் பெயரே வைக்கப்பட்டது. அந்தப் பேரன்தான் 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்ரமண்யன் சந்திரசேகர். 1999-ல் விண்ணில் ஏவப்பட்ட தொலைநோக்கிக்கு அவர் நினைவாக 'சந்திரா' என்று பெயரிட்டார்கள். ஒரு தமிழ்த் தாத்தாவின் பெயர் இன்று வானத்தில் சுற்றுகிறது.

பின்னால் இருந்தது ஏன் போயிற்று?

'ஐயர், முதலியார், பிள்ளை, நாடார் என்றெல்லாம் நமக்கும் பின்னால் பெயர் இருந்ததே?' என்று சிலர் கேட்கலாம். இருந்தது. ஆனால் அவை குடும்பத்தைக் குறிப்பவை அல்ல, சாதியைக் குறிப்பவை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானித்தது. தலைமை வகித்த சௌந்தரபாண்டியனும் தம் பெயரிலிருந்து 'நாடார்' பட்டத்தை விட்டார். அதன் பின் ஓரிரு தலைமுறைக்குள் தமிழ்நாட்டுப் பள்ளிப் பதிவேடுகளில் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் வெற்றிடமே மிஞ்சியது.

அந்த வெற்றிடம் குறையன்று. ஒரு சமுதாயம் யோசித்துச் செய்த முடிவு. இங்கே வந்த பின் படிவத்தின் கட்டத்தை நிரப்புவதற்காகப் பாட்டனார் விட்ட பட்டத்தைத் தேடி எடுத்துப் பேரப்பிள்ளைக்கு மாட்டும் சில வீடுகளைக் காண்கிறேன். அவரவர் விருப்பம் என்று சொல்லலாம். எனினும், அந்தக் கட்டத்தில் எழுத நம்மிடம் ஊரும் தாய் தந்தையும் இருக்கும்போது அது எதற்கு என்பது என் கேள்வி.

இன்றைய சிக்கல்

பெருமை பேசிவிட்டால் படிவம் நிரம்பிவிடாது. உலகப் படிவங்கள் இரண்டு கட்டங்களை வைத்திருக்கின்றன. நம் முறை அதில் நேராகப் பொருந்துவதில்லை. சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தை அயல்நாட்டினர் 'விஷி' என்று செல்லமாக அழைக்கிறார்கள். விஸ்வநாதன் அவர் தந்தை பெயர்! சிரிக்கத்தக்க செய்தி இது. சிரிக்க முடியாதவையும் உண்டு.

ஒற்றைப் பெயரோடு கடவுச்சீட்டு வாங்கியவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்.என்.யு.', அதாவது 'முதற்பெயர் தெரியவில்லை' என்று அச்சாகி வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர் தெளிவுபடுத்தினார்கள். எழுத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் எவ்வளவு பதறியிருப்பார்கள்!

சட்டமும் மாறிக்கொண்டே வருகிறது. தந்தை இறந்த பின் தாயே குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யலாம் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 மே 1 முதல் மகாராஷ்டிரத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் தாயின் பெயரையும் சேர்க்கும் முறை வந்துள்ளது. குழந்தையின் பெயர், தாய், தந்தை, குடும்பப் பெயர் என்பது வரிசை. இங்கே பிறக்கும் நம் பேரக்குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, முழுக் குடும்பமும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுங்கள். அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று வேண்டாம். தந்தை பெயரோ ஊர்ப் பெயரோ, எதை எழுதினாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாகவே எழுதுங்கள்.

இரண்டாவது, தலைப்பெழுத்தை விரித்து எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ஆதார், பான், கடவுச்சீட்டு ஆகிய ஐந்திலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். ஒன்றில் 'எஸ். முருகன்', மற்றதில் 'முருகன் சுப்பையா', இன்னொன்றில் 'முருகன் எஸ்.' என்று இருந்தால் மூன்று பேராகத்தான் கணினி எண்ணும். குழந்தையின் பிறப்பைப் பதியும் நாளிலேயே இதைச் சரி செய்துவிட்டால் பிற்காலத்தில் அரசிதழ் அறிவிப்பு, பிரமாணப் பத்திரம் என்று அலைய வேண்டாம்.

மூன்றாவது, நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று முடிவு செய்பவர்களுக்கு என் யோசனை: பூர்வீக ஊரின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தை பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஊர் மாறாது. மகனுக்கும் மகளுக்கும் அது ஒன்றே. அதில் சாதியும் தெரியாது. மங்கேஷ்கருக்கும் பாதலுக்கும் அழகாக இருக்கும் பெயர் நம் ராசிபுரத்துக்கும் மாங்கொம்புக்கும் அழகாகவே இருக்கும். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் பிறந்தது கும்பகோணத்தில். அவருடைய 'எம்' கேரளத்துக் குட்டநாட்டின் மாங்கொம்பு. 1925 முதல் 2023 வரை வாழ்ந்த அவர், உலகமெல்லாம் அந்தச் சிற்றூரைப் பெயரில் ஏந்திச் சென்றார்.

நான்காவது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுத்தாள் போதும். மேலே ஊரின் பெயர், வட்டம், மாவட்டம். கீழே தெரிந்த வரை கொள்ளுப்பாட்டன், கொள்ளுப்பாட்டி, பாட்டன், பாட்டி, தாய், தந்தை பெயர்கள். யார் எந்த ஆண்டில், எந்த வேலைக்காக இந்த ஊருக்கு வந்தார்கள் என்று ஒரு வரி. பாட்டிமார்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். தலைப்பெழுத்தில் இடம் கிடைக்காததால் முதலில் மறைந்து போவது அவர்கள் பெயர்தான். அந்தத் தாளைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.

இதற்கு அவசரம் இருக்கிறது. முதல் தலைமுறை ஊரிலிருந்து வந்தது. இரண்டாம் தலைமுறை கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனது. மூன்றாம் தலைமுறைக்கு அந்த ஊர் கையெழுத்தில் உள்ள ஓர் எழுத்து மட்டுமே. "உன் பெயரில் உள்ள 'டி' என்ன?" என்று நம் சங்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டால், பாதிப் பேர் "அப்பாவைக் கேட்க வேண்டும்" என்கிறார்கள். கேட்பதற்கு அப்பாவும் தாத்தாவும் இருக்கும்போதே கேட்டு வைப்பது நல்லது. திருவிடைமருதூராக இருக்கலாம், தென்காசியாக இருக்கலாம், தாராபுரமாக இருக்கலாம். மூன்றும் ஒன்றுக்கொன்று வெகு தூரம்.

அடுத்த மாதம் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் தன் தலைப்பெழுத்தின் விரிவை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வந்தால், அவற்றைத் தொகுத்து ஒரு கோப்பாக நம் நூலகத்தில் வைக்கலாம் என்று செயற்குழுவிடம் சொல்லியிருக்கிறேன். தொகுக்கும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். பதிவேடு எழுதிப் பழகிய கைதானே!